வேட்டைக்குப் போகாதவளுக்கு ஏன் ரோமம் உதிர்ந்தது?

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பார்த்த படம் பலருக்கு நினைவிருக்கும். குனிந்த குரங்கு மெல்ல மெல்ல நிமிர்ந்து, கடைசியில் ஆண்மகனாக நடந்துபோகும். வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. இவர்களையெல்லாம் பெற்றது யார் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

கேட்டவர் எலைன் மோர்கன். வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தது ஆங்கில இலக்கியம். தொழில், தொலைக்காட்சி நாடகம் எழுதுவது. டார்வினுடைய 1871ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் 'மனிதன்' இருந்த இடத்தில் 'பெண்' என்று போட்டு, 1972இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைப்பே ஒரு குட்டு!

அன்று செல்லுபடியான கதை இதுதான்: புல்வெளியில் வேட்டையாடி ஓடிய ஆணுக்கு உடற்சூடு தணிய ரோமம் உதிர்ந்தது. சரி, வேட்டைக்கே போகாதவள் என்று நீங்கள் சொல்லும் பெண்ணுக்கு ஏன் அதைவிட அதிகமாக உதிர்ந்தது என்றார் மோர்கன். மார்பகமும் ஆணைக் கவரத்தான் என்று எழுதினார்கள். பால் குடிக்கும் குழந்தை அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

தங்கை மகன் பிறந்த மறுநாள் என் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டான். விடுவிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. குரங்குக் குட்டி அந்தப் பிடியால்தான் தாயின் ரோமத்தில் தொற்றிக்கொள்கிறது. நம் பிள்ளைக்குப் பிடி இருக்கிறது, பிடிக்க ரோமம் இல்லை. அதனால் தாய்தான் தூக்கிச் சுமக்க வேண்டும்.

மோர்கன் சறுக்கியது பதிலில். கடல் உயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி 1960இல் சொன்ன யோசனையைப் பிடித்துக்கொண்டு, நம் முன்னோர் நீரில் வாழ்ந்ததால் ரோமம் போனது, தோலடிக் கொழுப்பு வந்தது என்றார். புதைபடிவங்கள் கைகொடுக்கவில்லை, மானுடவியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2013இல் இறக்கும்வரை அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு உவப்பில்லை. பிறர் கதையைக் கிழித்த கூர்மையைத் தன் கதையிடமும் காட்டியிருக்கலாம்.

கதையை அளந்து சோதித்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களிடையே மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் சகாக்களும் யார் எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று அளந்தார்கள். பெரிய விலங்கைத் தேடிப் போனவன் பெரும்பாலான நாள் வெறுங்கையோடு திரும்பினான். கிழவிகளோ கெட்டித் தரையில் கோலால் குத்திக் குத்திக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். தாய் கைக்குழந்தையோடு இருக்கும்போது, பால் மறந்த மூத்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்பைப் பொறுத்தே ஏறியது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண் பல்லாண்டு வாழ்வது இதனால்தான் என்பது அவர்கள் வாதம். இதையும் மறுப்பவர்கள் உண்டு. ஆனால் மறுக்க வருகிறவரும் தராசோடு வர வேண்டியிருக்கிறது.