அடித்த குத்து போதும், அடித்த கோலைச் சொல்லுங்கள்

டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பவனுக்குப் பனியும் வழுக்கும் சாலையும் பழகிவிடுகின்றன. பழகாதது ஒன்றே ஒன்று, "அந்தக் காலத்து ரெட் விங்ஸ் இருக்கிறதே..." என்று எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி எவராவது வாயைத் திறப்பது. முடி வெட்டும் கடை, டயர் மாற்றும் கடை, அலுவலகச் சாப்பாட்டு அறை, எங்கே போனாலும் இதே கதைதான். பேச்சு பழைய ஆட்டக்காரர்களில் தொடங்கும். இரண்டாவது நிமிடத்தில் யார் யாருடைய மூக்கை உடைத்தார் என்பதில் வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு அங்குலம் நகராது. இடையில் ஆட்டம் என்று ஒன்று நடந்ததே இவர்களுக்கு நினைவில் இல்லை.

நான் சொல்வது ஐஸ் ஹாக்கி. நம் ஊர் ஹாக்கியில் ஒருவன் இன்னொருவன் முகத்தில் குத்தினால் சிவப்பு அட்டைதான். இங்கே கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தாராளமாக அடித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வரலாம். அதனால் சண்டை ஆட்டத்தின் ஓர் அங்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கமே முழு உடம்பாகிவிட்டால் எப்படி?

இவர்கள் சொல்லும் கதை எனக்கு மனப்பாடம். 1996 மே 29 அன்று பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) ஆட்டத்தில் கொலராடோ அவலாஞ்ச் அணியின் கிளாட் லெமியூ, டெட்ராய்ட்டின் கிரிஸ் டிரேப்பரைப் பின்னாலிருந்து இடித்துப் பலகைச் சுவரில் மோதவைத்தார். தாடை, மூக்கு, கன்ன எலும்பு எல்லாம் உடைந்தன. கொலராடோ அந்த ஆண்டு சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த பருவம், 1997 மார்ச் 26. டெட்ராய்ட்டின் ஜோ லூயிஸ் அரங்கில் இரு அணிகளும் மோதின. (அரங்குக்கே குத்துச்சண்டை வீரரின் பெயர், கேட்க வேண்டுமா!) டேரன் மெக்கார்ட்டி லெமியூவைப் பிடித்துத் துவைத்தார். லெமியூ தலையைக் கைகளுக்குள் புதைத்து ஆமையைப் போல ஐஸில் சுருண்டார். கோல்கீப்பர் பாட்ரிக் ருவா உதவிக்கு ஓடிவந்தார், பிரெண்டன் ஷனஹன் பாய்ந்து அவரை மறித்தார். கடைசியில் இரண்டு கோல்கீப்பர்களும், ருவாவும் மைக் வெர்னனும், நடு மைதானத்தில் ஒருவரை ஒருவர் மாறிமாறிக் குத்திக்கொண்டார்கள். ருவாவின் முகத்தில் ரத்தம்.

நல்ல கதைதான். முதல் தடவை கேட்டபோது நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் எத்தனை தடவை ஐயா கேட்பது? என் அலுவலகத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். கதை சொன்னால் போதாது அவருக்கு, செய்து காட்ட வேண்டும். போன குளிர்காலத்தில் ஒரு நாள் நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். "மெக்கார்ட்டி இப்படித்தான் பிடித்தார்" என்று என் கோட்டின் காலரை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். வலது கை முஷ்டி என் காதோரம் வந்து வந்து போனது. சூப் கிண்ணம் கவிழ்ந்து என் மடியில் கொட்டியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கையால் காகிதத்தை எடுத்து நீட்டியபடியே, மறு கையால் கைப்பேசியில் அந்த மங்கலான காணொளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்டேன்: "அன்றைக்கு ஆட்டம் எத்தனைக்கு எத்தனை?" விழித்தார். ஆயிரம் தடவை அந்தக் காணொளியைப் பார்த்த மனிதர்!

6க்கு 5. டெட்ராய்ட் வென்றது. கடைசியான மூன்றாம் பகுதியில் 3க்கு 5 என்று பின்தங்கிக் கிடந்து, அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டுச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வென்ற ஆட்டம் அது. அந்த வெற்றிக் கோலை அடித்தவர் யார்? அதே மெக்கார்ட்டி. பந்தை, மன்னிக்கவும், பக் எனும் ரப்பர் வட்டை அவருக்கு அனுப்பியவர் ருவா மேல் பாய்ந்த ஷனஹன். ஷனஹனுக்கு அனுப்பியவர் இகோர் லாரியோனோவ். அன்றைய சண்டையே லாரியோனோவும் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்கும் கட்டிப் புரண்டதில்தான் ஆரம்பித்தது. அடிதடியில் இருந்த மூன்று பேர் கைகோத்து ஆட்டத்தை முடித்திருக்கிறார்கள். அதுவும், லெமியூவை அப்படி அடித்த மெக்கார்ட்டியை நடுவர் வெளியேற்றாமல் நான்கு நிமிடத் தண்டனையோடு விட்டதால்தான் அந்தக் கோலே சாத்தியமானது. இதைவிடச் சுவையான கதை வேறென்ன வேண்டும்? கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளூர்க்காரர்களையாவது விட்டுவிடலாம், நேரில் பார்த்தவர்கள். நம் ஆட்கள் இருக்கிறார்களே! கார் கம்பெனி வேலைக்கு வந்து நோவியிலும் டிராயிலும் வீடு வாங்கிய தமிழர்கள் சிலர், அணியின் சிவப்புச் சட்டை ஒன்றை வாங்கி மாட்டிய மறுநாளே 1997 பற்றிக் கண் கலங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த வருடம் திருநெல்வேலியில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நின்று "நாம் அன்றைக்கு அவர்களை அடித்த அடி" என்கிறார். நாமாம்!

இந்த டிரேப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். இவர்களைப் பொறுத்தவரை அவர் ஓர் உடைந்த முகம், அவ்வளவுதான். 1993இல் வின்னிபெக் அணியிடமிருந்து ஒரே ஒரு டாலர் கொடுத்து வாங்கப்பட்டவர் அவர். அதற்குப் பிறகு டெட்ராய்ட்டுக்காக ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் ஆடினார், நான்கு கோப்பைகளில் பங்கு கொண்டார், 2004இல் தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருதையும் வாங்கினார். ஒரு டாலர்! வேறு ஊராக இருந்தால் அந்த டாலருக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

நிக்லஸ் லிட்ஸ்ட்ரம் கதி இதைவிட மோசம். இருபது பருவங்கள் ஒரே அணி, சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருது ஏழு முறை. ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் ஒரு கதை கிடையாது. ஏன்? அவர் யாரையும் அடிக்கவில்லை. சரியான இடத்தில் நின்றார், சரியான நேரத்தில் மட்டையை நீட்டினார். ஒழுங்காக வேலை பார்த்தவனுக்கு எந்த ஊரில் கதை இருக்கிறது!

சண்டைக் கதைதான் வேண்டுமா? தருகிறேன். 1988இல் சோவியத் நாட்டில் இருந்துகொண்டே, தன் பயிற்சியாளர் விக்டர் திகோனோவின் கொடுங்கோலைக் கண்டித்து 'அகோன்யோக்' இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார் லாரியோனோவ். வெளிநாட்டில் ஆட விட மறுத்த அதிகாரத்தோடு மோதி வெளியே வந்தார் அவருடைய சக ஆட்டக்காரர் ஃபெடிசோவ். செர்கே ஃபெடரோவ் 1990இல் அமெரிக்காவுக்கு ஆட வந்த இடத்தில் சொந்த அணியை விட்டு நழுவி, ரெட் விங்ஸ் முதலாளியின் விமானத்தில் ஏறிவிட்டார். விளாடிமிர் கான்ஸ்டாண்டினோவைச் சோவியத் ராணுவத்திலிருந்து விடுவிக்க, அவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர்களைக் கொண்டு பொய்ச் சான்று எழுத வைத்தார்கள். இந்த நால்வரும் பின்னால் ஒரே அணியில், டெட்ராய்ட்டில், கோஸ்லோவோடு சேர்ந்து ஐந்து ரஷ்யர்களாக ஆடினார்கள். இதெல்லாம் சண்டை இல்லையாமா? ஒருவனின் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக் குத்தினால்தான் சண்டையா?

எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிப்பது பாப் ப்ரோபர்ட் பேச்சு வரும்போதுதான். ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்ட்சரில் பிறந்தவர். எண்பதுகளில் டெட்ராய்ட்டின் அடியாள், அதாவது சண்டைக்கென்றே அணி வைத்திருந்த ஆட்டக்காரர். 1992இல் எதிரணி அடியாள் டை டோமியோடு அவர் போட்ட இரண்டு சண்டைகளையும் குத்துக் குத்தாகச் சொல்வார்கள், கண்கள் மின்ன. 1987–88 பருவத்தில் 398 நிமிடத் தண்டனை வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே பருவத்தில் 29 கோல் போட்டார், சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் போனார், பிளேஆஃபில் 21 புள்ளிகள் (போட்ட கோலும் போட உதவிய கோலும் சேர்த்து) எடுத்து, பழம்பெரும் ஆட்டக்காரர் கார்டி ஹவ்வின் அணிச் சாதனையையே முறியடித்தார் என்றால் "அப்படியா?" என்கிறார்கள். அப்படித்தான் ஐயா!

அவர் 2010 ஜூலையில் 45 வயதில் மாரடைப்பால் இறந்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவருடைய மூளையை ஆராய்ந்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்கியவர்களுக்கு வரும் சி.டி.இ. எனும் மூளைச் சிதைவு நோய் இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு 28 வயதில் இறந்த இன்னொரு அடியாள் டெரெக் பூகார்டின் மூளையிலும் அதே நோய். இதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லிப் பாருங்கள். சட்டென்று எல்லோருக்கும் கூட்டத்துக்கு நேரமாகிவிடுகிறது. குத்துகளை எண்ணத் தெரிகிறது, அவை போய் விழுந்த இடத்தைப் பற்றிப் பேசினால் மட்டும் நான் விருந்தைக் கெடுக்க வந்தவன்.

இப்போது புதிதாக ஒரு புலம்பல் வேறு. சண்டை குறைந்துபோனதால் ஆட்டத்தில் உயிர் இல்லையாம். தொடர்ந்து 25 பருவங்கள் பிளேஆஃபுக்குப் போன அணி 2016க்குப் பிறகு வருடக்கணக்கில் அந்த வாசலை மிதிக்காமல் கிடந்ததற்குக் காரணம் குத்துகள் குறைந்ததுதானாம். எதிரணி வலைக்குள் பக்கை அடிக்க ஆள் இல்லாதது காரணம் இல்லையாம்! ப்ரோபர்ட்டின் அந்த 21 புள்ளிகளில் ஒரே ஒரு கோலையாவது எப்படிப் போட்டார் என்று எவராவது எனக்கு விவரமாகச் சொல்லட்டும், ஒரு வாரம் மதியச் சாப்பாடு நான் வாங்கித் தருகிறேன். இதுவரை ஒருவரும் வாங்கிச் சாப்பிடவில்லை.