செங்காந்தள் கிழங்கு மூட்டுவலிக்கு மருந்தா?

“செங்காந்தள் கிழங்கை வேக வைத்துத் தின்றால் மூட்டுவலி பறந்துவிடும், மாத்திரையில் இருப்பதும் இதுதான்” என்று வேலூர், அணைக்கட்டுப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை என்பதுதான் இதன் ஆபத்து.

கிழங்கில் கோல்சிசின் எனும் நச்சுப்பொருள் இருக்கிறது. கவுட் எனும் கீல்வாதத்துக்கு மருத்துவர் தருவதும் அதையே. ஆனால் மாத்திரையில் அரை மில்லிகிராம் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கிழங்கில் யார் அளப்பது? கிழங்குக்குக் கிழங்கு அளவு மாறும். வேக வைத்தாலும் நஞ்சு போகாது.

மழைக்குப் பின் வேலியோரம் தீப்பிடித்ததுபோல் பூத்து நிற்கும் கொடி இது; நம் மாநில மலரும்கூட. அடியில் தோண்டினால் கலப்பை போல வளைந்த வெளிர்நிறக் கிழங்கு வரும். வள்ளிக்கிழங்கு என்று ஏமாறுவது எளிது.

உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைக் கோல்சிசின் தடுக்கிறது. அதனால் வேகமாகப் பெருகும் குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் ஆகியவை முதலில் அடிபடும். சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு. அடுத்த சில நாட்களில் இரத்த அணுக்கள் சரியும். தப்பியவர்களுக்கு முடி கொட்டுவதும் உண்டு.

யாராவது தின்றிருந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். மிச்சக் கிழங்கையும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.