பேட்டரி விளக்கு எரிந்தால் ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டுமா?

அண்ணே, “பேட்டரி விளக்கு எரிந்தாலே ஆல்டர்னேட்டர் போச்சு, 1,200 வெள்ளி எடுத்து வையுங்கள்” என்று நீங்கள் எழுதியது தவறு. டாஷ்போர்டில் எரியும் அந்த விளக்கு ஓர் எச்சரிக்கைதான்; ஆல்டர்னேட்டர் என்பது என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ நல்ல வயர்மேன் (கார் மின்வேலைக்காரர்) கடைக்காரர் முதலில் வோல்ட் மீட்டரைத்தான் எடுப்பார்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். (சில புதிய கார்களில் கணினியே இதை ஏற்றி இறக்கும்.) 12.5-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. அப்போதும் பெல்ட் வழுக்குகிறதா, ஆல்டர்னேட்டரின் பின்பக்க வயர் தளர்ந்திருக்கிறதா, எர்த் கம்பி துருப்பிடித்ததா என்று பார்க்க வேண்டும். நிறைய ஓடிய கார்களில் அடிக்கடி தேய்வது ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ். அது சில பத்து வெள்ளிதான், கூலி தனி. 15 வோல்ட்டைத் தாண்டி ஏறினால் கட்அவுட் (வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்) மேல் சந்தேகம். கறகறவென்று சத்தம் வந்தால் பேரிங். ராத்திரியில் பேட்டரி இறங்கிப்போனால் டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கசிவாகவும் இருக்கலாம். ரோட்டர் (சுழலும் பாகம்), ஸ்டேட்டர் (சுழலாத பாகம்) சுருள் எரிந்திருந்தால்தான் முழுதாக மாற்றுவது லாபம்.

ரீகான் (பழையதைப் பழுதுபார்த்து விற்பது) வாங்கினால் பேரிங்கும் பிரஷும் புதிதா என்று கேளுங்கள். வெறும் பெயிண்ட் அடித்தும் விற்கிறார்கள். ஆம்பியர் அளவு பழையதைவிடக் குறையக்கூடாது. செத்த பேட்டரியைத் தனியாக சார்ஜ் ஏற்றிவிட்டுப் பொருத்துங்கள், இல்லையென்றால் புதிய ஆல்டர்னேட்டரும் சூடேறி வீணாகலாம்.

என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னீர்களே, தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் காரின் கணினியையே எரித்துவிடலாம்.