போரா குகைகளை 1807இல் வில்லியம் கிங் 'கண்டுபிடித்திருக்க' முடியாது

ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்குக்கும் அதன் அருகிலுள்ள போரா குகைகளுக்கும் போக நினைப்பவர்களின் கைப்பேசிக்கு இந்த வரி எப்படியும் வந்துவிடுகிறது: "போரா குகைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் ஜார்ஜ் 1807இல் கண்டுபிடித்தார்."

இது தவறு. அந்தத் துறை தொடங்கப்பட்டதே 1851இல்தான். அதில் வில்லியம் கிங் என்று ஒருவர் இருந்தது உண்மை. 1887 முதல் 1894 வரை அதன் தலைமைப் பொறுப்பு வகித்தார். நியாண்டர்தால் மனிதனுக்கு 1864இல் அறிவியல் பெயர் சூட்டிய பேராசிரியர் வில்லியம் கிங்கின் மகன் இவர். தந்தை பிறந்தது 1809. தந்தையே பிறக்காதபோது மகன் எப்படிக் குகைக்குள் நுழைந்திருப்பார்? பள்ளிப் பிள்ளைகளின் பொது அறிவுக் குறிப்புகள் வரை இந்த ஆண்டு பரவியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

அதைவிட வருத்தம், குகைகள் இருக்கும் அனந்தகிரி மலையின் பழங்குடி மக்கள் இந்தக் கதையில் இல்லாமல் போவது. மேய்ந்துகொண்டிருந்த பசு ஒன்று குகைக் கூரையின் துளை வழியே விழுந்தது, தேடிப் போன இடையர் உள்ளே லிங்க வடிவக் கல்லைக் கண்டார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. இது தொன்மக் கதை, ஆண்டுக் கணக்குக்கு உதவாது. ஆனாலும் அந்தக் கல்லுக்கு இன்றும் பூசை நடக்கிறது. சிவராத்திரிக்குச் சுற்றுவட்டார மக்கள் திரண்டு வருகிறார்கள்.

குகையை உருவாக்கியது நீர். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்ற மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் விட்டுச்செல்லும் படிவமே மேலும் கீழும் தூண்களாக வளர்கிறது. கோஸ்தனி ஆறும் இங்கேதான் பாய்கிறது. விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலில் போகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு வந்து எழுதும்போது, தயவுசெய்து 1807ஐ விட்டுவிடுங்கள்.