நான்கும் தனிக்கதைகள் அல்ல

கணினி வியூக ஆட்டமான "வார்கிராஃப்ட் 3-இல் நான்கு கேம்பெயினும் (ஓர் இனத்தை ஆடும் கதைப்பகுதி) தனிக்கதை, எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம்" என்று சிலர் சொல்வது தவறு. 2002-இல் வந்த மூல ஆட்டத்தின் கதை மனிதர், அன்டெட் (உயிர்த்தெழுந்த பிணங்களின் படை), ஆர்க், நைட் எல்ஃப் என்ற இனங்களின் வரிசையில் ஒரே தொடராக நகர்கிறது. அன்டெடில் தொடங்கினால், மனிதர் பகுதியின் நாயகனான இளவரசன் ஆர்த்தஸ் வெறும் வில்லன்தான். மனிதர் 6-ஆம் அத்தியாயத்தில், கொள்ளைநோய் தொற்றிய ஸ்ட்ராத்ஹோம் நகரில், மால்கானிஸ் என்ற பேய்த்தலைவன் 100 பேரை அன்டெடாக மாற்றுவதற்குள் ஆர்த்தஸாக நாமே 100 பேரைக் கொல்ல வேண்டும். ஆர்த்தஸின் வீழ்ச்சியில் ஆடுபவர் கையும் படுகிறது. இந்த ஆட்டத்தின் உச்சம் அதுவே.

நைட் எல்ஃப் பகுதி பலவீனம் என்ற குறை மட்டும் சரி. ஏழே அத்தியாயம், ஐந்தாவதில்தான் சிறையிலிருந்து விடுதலையாகும் நைட் எல்ஃப் வீரன் இல்லிடன், அடுத்ததிலேயே பேயுருவாகி நாடுகடத்தப்படுகிறான். அந்த மாற்றம் மனதில் பதிய இடமே இல்லை. ஆனால் ஹைஜால் மலையில் பேய்ப்படைத் தலைவன் ஆர்கிமோண்டை 45 நிமிடம் தடுக்கும் இறுதிப் போர் அபாரம்.