பாலத்தடிக் கடைக்காரர்

மதுரையிலிருந்து நத்தம் போகிற ரோட்டில் ஊமச்சிகுளம் தாண்டிப் புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க நிறுத்தியவன் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் எழுந்திருக்க மனசே வரவில்லை. கடையை நடத்துவது ஒரு அக்கா. சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய காக்கிச் சட்டை. அந்த நேரம் ஒரு தம்பி பழைய காரை நொண்டவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருநீறு. வேட்டியில் முழங்கால் பக்கம் மட்டும் புழுதி.

அக்கா: என்ன தம்பி, கார் ஒரு பக்கமா சாஞ்சு வருது?

தம்பி: பஞ்சர் அக்கா. ஆனா ஒட்டியாச்சு. காத்து மட்டும் அடிச்சு விடுங்க, போதும். நத்தத்தில் பொண்ணு பார்க்கப் போகணும். அம்மாவும் மாமாவும் பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

அக்கா: கார் இருக்கும்போது ஏன் பஸ்ஸில் போனாங்க?

தம்பி: இந்தக் காரை நம்பி ஏற மாட்டேன்னுட்டாங்க.

(அக்கா காற்றடித்து, மேலே சோப்புத் தண்ணீரை ஊற்றினார். டயரின் பக்கவாட்டில், எழுத்து போட்ட இடத்தில், பொங்கப்பானை மாதிரி நுரை பொங்கியது.)

அக்கா: அடப் பாவி, விலாவில் போட்டிருக்கான்! எவன் பார்த்த வேலை இது?

தம்பி: அது... ஒரு கடையில்.

அக்கா: எந்தக் கடை?

தம்பி: பாலம் இறங்கினதும் இடது கைப் பக்கம்.

அக்கா: இடது கைப் பக்கம் இளநீர்தானே விக்கிறாங்க.

தம்பி: அதுக்குப் பக்கத்தில். புதுசா ஒருத்தர் திறந்திருக்கார்.

அக்கா: நேத்து ராத்திரி அந்த வழியாத்தான் வந்தேன்.

தம்பி: இன்னைக்குக் காலையில்தான் திறந்தார்.

அக்கா: நாளைக்கே மூடச் சொல்லு. டயரில் ரோட்டைத் தொடுற பட்டை இருக்கு பாரு, அதுக்குள்ளே இரும்புக் கம்பி பின்னியிருக்கும். அந்தப் பட்டை நடுவில் ஆணி ஏறி, ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள்ளே இருந்தா ஒட்டலாம். இந்த விலாவில் இருக்கிறது வெறும் நூல். சக்கரம் ஒரு சுத்துச் சுத்தினா இது ஒரு தடவை பிதுங்கி நிமிரும். 60-ல் போனா நிமிஷத்துக்கு 500 தடவைக்கு மேல் பிதுங்கும். அதில் ஒட்டு எப்படி நிக்கும்?

தம்பி: எந்த இடமா இருந்தாலும் ஓட்டையில் சொருகுற ரப்பர் திரி கவ்விப் பிடிச்சுக்கும்னு வீடியோவில்... இல்லை, அந்தக் கடைக்காரர் சொன்னார்.

அக்கா: உன் இடுப்பு வேட்டியும் பிடிச்சுத்தான் நிக்குது. நிமிஷத்துக்கு 500 தோப்புக்கரணம் போட்டுப் பாரு, நிக்குதான்னு.

(தம்பி வேட்டியை ஒருமுறை இறுக்கிக்கொண்டார்.)

அக்கா: இதென்ன, ஒரு ஓட்டைக்கு மூணு திரி? கொண்டையில் கனகாம்பரம் வச்ச மாதிரி சொருகியிருக்கான்.

தம்பி: மூணு போட்டா பலமா இருக்கும்னு நினைச்சு...

அக்கா: யாரு நினைச்சது?

தம்பி: அவர்தான்.

அக்கா: வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற நுனியை பிளேடால் அறுப்பாங்க. இது அறுத்த மாதிரி இல்லையே. (கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார்) கடிச்ச மாதிரி இருக்கு! ரோட்டில் குப்புறப் படுத்து டயரைக் கடிச்சிருக்கான் தம்பி. தெருநாய்கூடக் காலைத் தூக்கிட்டுப் போயிடும், கடிக்காது.

தம்பி: (வாயை மூடி இருமுகிறார்) பிளேடு எங்கேயாவது தொலைஞ்சிருக்கும், பாவம்.

அக்கா: நீ பக்கத்தில்தானே நின்னே?

தம்பி: போன் பேசிக்கிட்டிருந்தேன்.

அக்கா: சரி, காத்து எங்கே இறங்குச்சு?

தம்பி: பாலத்தில் ஏறின கொஞ்ச நேரத்திலேயே.

அக்கா: அந்தப் பாலம் 7.3 கிலோமீட்டர். அப்படியே ஓட்டியா வந்தே?

தம்பி: மெதுவாத்தான் அக்கா. நிறுத்தினா பின்னாடி வர்றவங்க ஹாரன் அடிக்கிறாங்க.

(அக்கா பேசவில்லை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, கம்பியால் நெம்பி டயரை ரிம்மிலிருந்து பிரித்தார். உள்ளே கைவிட்டு அள்ளியதைத் தம்பியின் உள்ளங்கையில் கொட்டினார். நைசாக அரைத்த காப்பித்தூள் போலக் கறுப்பாக இருந்தது. தம்பி மோந்துகூடப் பார்த்தார்.)

அக்கா: டயரோட உள்சதைதான் இது. காத்தில்லாம ஓட்டினா விலா மடிஞ்சு தன்னைத்தானே அரைச்சுக்கும். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. கழட்டி உள்ளே பார்க்காம ஒட்டக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான். இனிமே இதைத் தென்னை மரத்தில் கட்டி ஊஞ்சல் ஆடலாம்.

தம்பி: நடுப்பட்டையில் குத்தியிருந்தா?

அக்கா: இப்படி அரைஞ்ச பிறகு எங்கே குத்தினா என்ன? ஆனா இங்கே பாரு, உனக்கு முன்னாடி வச்சிருந்தவன் காலத்தில் ஒரு ஆணி ஏறியிருக்கு. உள்ளே காளான் மாதிரி ஒரு பேட்ச் தெரியுதா? தண்டு ஓட்டையை அடைச்சுக்கும், குடை உள்பக்கம் ஒட்டிக்கும். வெறும் பேட்ச் மட்டும் ஒட்டினா மழைத்தண்ணி ஓட்டை வழியா ஏறிக் கம்பியைத் துருப்பிடிக்க வச்சிடும். வெறும் திரி மட்டும் போட்டா கடை வரைக்கும் வந்து சேரலாம், அவ்வளவுதான். இதை ஒட்டினவன் வேலைக்காரன். கையெடுத்துக் கும்பிடலாம்.

தம்பி: (முகம் சுருங்கி) அவர் கடையில் உட்கார்ந்து நிதானமா செஞ்சிருப்பார். இவர் அவசரத்தில் செஞ்சார் இல்லையா?

அக்கா: உனக்கு ஏன் இம்புட்டுக் கோபம் வருது?

தம்பி: சும்மா, ஒரு நியாயம் பேசினேன்.

(அக்கா மற்ற மூன்று சக்கரங்களுக்கும் காற்றழுத்த மீட்டரை வைத்துப் பார்த்தார். என் வண்டிக்குக் காற்றைச் சொல்லலாம் என்று வாயெடுத்த நான், என் டயரையும் உற்றுப் பார்த்துவிடுவாரோ என்று அடக்கிக்கொண்டேன்.)

அக்கா: 50 இருக்கே! இதுவும் அந்த மகராசன் வேலையா?

தம்பி: டயரிலேயே 51-னு போட்டிருக்கே அக்கா. நான்... அவர் ஒண்ணு குறைச்சுத்தான் அடிச்சார்.

அக்கா: அது, இதுக்கு மேலே தாங்காதுன்னு போட்டது. அண்டாவில் பத்துப் படி வேகும்னா, ஒத்தை ஆளுக்குப் பத்துப் படியும் பொங்குவியா? டிரைவர் கதவைத் திற. தூணில் ஸ்டிக்கர் இருக்கா? என்ன போட்டிருக்கு?

தம்பி: 33.

அக்கா: அதுதான் உன் காருக்கு. வண்டி ஓடிச் சூடாறதுக்கு முன்னாடி காலையில் வெள்ளனப் பார்க்கணும். ஸ்டெப்னியை எடு.

(ஸ்டெப்னி, இரண்டு அரிசி மூட்டைக்கும் ஒரு குடைக்கும் அடியில் இருந்தது.)

அக்கா: 2319-னு இருக்கு பாரு.

தம்பி: அது ராசியான நம்பர்னு காரை வித்தவர் சொன்னார்.

அக்கா: 2019-ல் 23-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். மூட்டைக்கு அடியில் கிடந்தே கிழவனாயிடுச்சு. வெடிப்பு இல்லை, இன்னைக்கு ஓட்டிக்க. 60-ஐத் தாண்டாதே. ஊருக்குத் திரும்பினதும் ரெண்டையும் மாத்திடு.

(காற்றடித்து மாட்டி முடித்தார். கூலி 150 ரூபாய். தம்பி மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.)

அக்கா: பாலத்தடிக் கடைக்காரர் எவ்வளவு வாங்கினார்?

தம்பி: காசே வாங்கலை அக்கா.

அக்கா: தங்கமான மனுஷன்.

(தம்பி வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். முன்பல் இரண்டிலும் கறுப்பாகத் திரியின் பசை. எனக்கே தெரிந்தது, அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலும் ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார்.)

அக்கா: அந்தக் கடைக்காரரைப் பார்த்தா இதைக் கொடு. துணியில் நனைச்சு அழுத்தித் துடைச்சா பல்லில் இருக்கிறது வந்துடும். பொண்ணு வீட்டில் கேசரி கொடுப்பாங்க, வாயைத் திறந்துதான் ஆகணும்.

(தம்பி கண்ணாடியில் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். எங்கேடா இருக்கே, பூ வாங்கினியா, மாமா கேட்கிறார், கிளம்பிட்டியா என்று அந்தப் பக்கத்துக் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது.)

தம்பி: ம்ம்... ம்ம்... ம்ம்ம்.