நிரல் நம்மிடம், விவாதம் யாரிடம்?

"கிட்தானே பயன்படுத்துகிறேன், முழு வரலாறும் என் கணினியிலேயே இருக்கிறது, கிட்ஹப் நாளைக்கே மூடினாலும் எனக்கென்ன?" என்று தெம்பாகப் பேசுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். (கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் மென்பொருள்; கிட்ஹப் என்பது அந்த நிரலை இணையத்தில் வைத்துக்கொள்ளும் தளம்.) வழு பற்றி வந்த புகார், அதற்கு நீங்கள் சொன்ன பதில், 'இப்படி மாற்றாதே' என்று ஒருவர் தடுத்த காரணம் எல்லாம் எங்கே இருக்கின்றன? கிட்டுக்குள் இல்லை. கிட்ஹப்பின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. இவற்றையும் நிரலோடு சேர்த்து நம்மிடமே வைத்திருக்கும் ஃபாசில் என்ற மென்பொருளைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது. கிட்ஹப் போலவே நிரல்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் 2016இல் மூடப்பட்டது. கிட்டைப் போன்ற இன்னொரு மென்பொருளான மெர்க்கூரியலுக்காகவே தொடங்கப்பட்ட பிட்பக்கெட் தளம், 2020இல் மெர்க்கூரியலையே கைகழுவியது. 2019இல் அமெரிக்கத் தடைகளின் பேரில் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கணக்குகளுக்குக் கிட்ஹப் கட்டுப்பாடு விதித்தது. ஈரானியர்களுக்கு 2021இல்தான் விடிவு வந்தது.

அதனால்தான் ஃபாசிலைப் பற்றி ஓயாமல் பேசுகிறேன். இதுவும் கிட்டைப் போல நிரல் வரலாற்றைப் பதிந்துவைப்பதுதான்; எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப் உருவாக்கியது. நம் கைபேசிகளில் எல்லாம் குடியிருக்கும் எஸ்கியூலைட்டின் மூல நிரல் 2009 முதல் இதில்தான் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் அல்ல.

மென்பொருள் என்று இருப்பது ஒரே ஓர் இயங்கு கோப்பு. ரெபோ (ஒரு திட்டத்தின் நிரலும் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) என்பதும் ஒரே ஓர் எஸ்கியூலைட் கோப்பு. நிரல் வரலாறு, டிக்கெட் (வழுப் புகார்), விக்கி, விவாத மன்றம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். 'ஃபாசில் யுஐ' என்று அடித்தால் பிரவுசரில் காலவரிசை விரிகிறது. இணையம் இல்லாத ரயிலில் உட்கார்ந்து டிக்கெட்டை மூடலாம். இணைப்பு வந்ததும் சர்வரோடு ஒத்திசைத்துக்கொள்ளலாம். சர்வரில் வைக்க இரண்டு வரி சிஜிஐ கோப்பு (வெப்சர்வர் ஒரு நிரலை இயக்க உதவும் கோப்பு) போதும்: முதல் வரியில் ஃபாசில் இருக்கும் இடம், இரண்டாம் வரியில் ரெபோ இருக்கும் இடம். கிட்ஹப் போன்ற கிட்லாபைச் சொந்த சர்வரில் நிறுவி, அதற்கென போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்று தனித்தனித் தரவுத்தளங்களைத் தீனி போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ரீபேஸ், அதாவது பதிந்த வரலாற்றை மாற்றி எழுதும் கிட்டின் வசதி, ஃபாசிலில் கிடையாது. கிட் அன்பர்கள் இங்கேதான் முகம் சுளிக்கிறார்கள். நடந்தது நடந்தபடி பதிவாக வேண்டும் என்பது ஹிப்பின் பிடிவாதம். என் கட்சியும் அதுதான். தட்டுத்தடுமாறி எழுதியதை, முதல் முயற்சியிலேயே பிசகில்லாமல் எழுதியதுபோல் மெருகேற்றிக் காட்டுவது யாரை ஏமாற்ற? (இதற்குச் சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம், காத்திருக்கிறேன்.)

குறை இல்லாமல் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் வழிப்போக்கராக வந்து திருத்தம் அனுப்பிவிட்டுப் போவது கிட்ஹப்பில் நடக்கும், இங்கே அபூர்வம். நிரல் எழுதும் எடிட்டர்களில் ஃபாசிலுக்கு ஆதரவு சொற்பம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் போன்ற பூதத்துக்கு இது தாங்காது. அந்தப் பூதத்துக்காகவே 2005இல் கிட் பிறந்தது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் எழுதுவது இரண்டு மூன்று பேர் பார்க்கிற நிரல்தானே?

வேலை தேடும் தம்பி, தங்கைகள் 'நேர்காணலில் கிட்ஹப் கணக்கைத்தானே கேட்கிறார்கள்' என்பார்கள். நியாயமான கவலை. ஃபாசில் ரெபோவைக் கிட்டுக்கு மாற்ற 'ஃபாசில் கிட் எக்ஸ்போர்ட்' என்ற கட்டளை இருக்கிறது, கிட்ஹப்பில் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கியூலைட்டும் அப்படி ஒரு நகல் வைத்திருக்கிறது. மூலம் மட்டும் அவர்களுடைய சொந்த சர்வரில்.